சிவப்புத் துணிக் குச்சிகள்

என் தம்பி முட்டைகளை நசுக்குகிறான் என்று பதினோரு குடும்பமும் கூடியிருந்த கூட்டத்தில் சொன்னது நான்தான். யாரோ சொல்லி நான் தலையாட்டவில்லை. நானே எழுந்து நின்று, நானே சொல்லி, நானே அதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதவும் செய்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். கோபம் மட்டும் இருந்தால் தொலைகிறது, அன்றைக்குக் கையில் பேனாவும் இருந்தது.

எங்கள் ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே முந்நூறு ஏக்கர் புல்வெளி கிடக்கிறது. வருஷா வருஷம் வெள்ளம் ஏறி வடிகிற மண். யாரும் அதில் கலப்பை வைத்ததில்லை. மழை முடிந்து இரண்டு மாதத்தில் இடுப்பளவு புல்லும், பெயர் தெரிந்ததும் தெரியாததுமாகப் பூக்களுமாக நிற்கும். அந்தப் புல்லுக்குள்ளே, வெறும் தரையில், ஆள்காட்டிக் குருவிகள் முட்டையிடும். கூடு என்றுகூடச் சொல்ல முடியாது. மாட்டுக் குளம்பு பதிந்த குழியில் நாலு காய்ந்த புல்லைப் போட்டு, அதில் நாலு முட்டை. இவ்வளவு சோம்பேறித்தனமாகக் குடித்தனம் நடத்துகிற பறவையை நான் பார்த்ததில்லை.

நிலம் பதினோரு குடும்பத்துக்குச் சொந்தம். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விதைக் கம்பெனி வந்து, எல்லாவற்றையும் உழுது கிழங்கு போடக் குத்தகைக்குக் கேட்டது. அப்போதுதான் கூட்டமைப்பு என்று ஒன்றை ஆரம்பித்தோம். புல்லைத் தாமதமாக, குஞ்சுகள் பறந்த பிறகு அறுப்பது. அதற்கு ஈடாக வனத்துறை கொஞ்சம் பணம் தருவது. வாய்க்காலை எல்லோரும் சேர்ந்து பராமரிப்பது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதினோரு கையெழுத்தும் விழ வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் ஒப்பந்தம் இல்லை. தலைவர், மாட்டு டாக்டர். ஊரில் எல்லார் வீட்டுத் தொழுவத்துக்குள்ளும் சண்டையில்லாமல் நுழையக்கூடிய ஒரே ஆள் அவர்தான். எனக்கு அங்கே ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனாலும் நான் செயலாளர். காரணம், என் தையல் கடையில் பத்தடி நீளத்துக்குத் துணி வெட்டுகிற மேஜை இருக்கிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதைச் சுற்றித்தான் கூட்டம். மேஜைக்காரி என்பதால் பேனாவும் என்னிடம் வந்து சேர்ந்தது.

தம்பியின் பங்கு நாற்பது ஏக்கர், நட்டநடுவில். அதை உழுது வடிகால் வெட்டினால் இரண்டு பக்கத்து நிலமும் தானாகக் காய்ந்துவிடும். புல் அறுக்கும் இயந்திரம் வைத்திருப்பதும் அவன் ஒருத்தன்தான். பதினோரு பேருக்கும் அவன்தான் அறுத்துக் கொடுப்பான்.

முதல் சில வருஷங்களில், எவ்வளவு தாமதமாக அறுத்தாலும் சில கூடுகள் சக்கரத்தில் மாட்டின. துறையிலிருந்து வரும் அலுவலர் அம்மா, கூடுகளுக்கு ஏதாவது அடையாளம் வைக்கலாமே என்றார். நான் உடனே குதித்தேன். சிவப்பு லைனிங் துணியில் மிஞ்சிய துண்டுகள் கடையில் மூட்டையாகக் கிடந்தன. முக்கோணமாக வெட்டி, ஓரம் மடித்து அடித்து, மூங்கில் குச்சியில் கோத்தேன். எவ்வளவு பெருமை எனக்கு! கூடு கண்டுபிடிக்கக் காலையில் நாலு பேர் போவோம். ஒவ்வொரு கூட்டுக்கும் பக்கத்தில், கையகல தூரத்தில், ஒரு குச்சி. தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளி முழுக்கச் சிவப்பு மூக்குத்தி போட்ட மாதிரி இருக்கும்.

போன வருஷம் முப்பத்து நாலு கூட்டில் ஒன்பதில்தான் குஞ்சு பொரித்தது. மழை சரியில்லை என்று பேசிக்கொண்டோம். இந்த வருஷம் நாற்பத்தொரு கூடு. பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் இருபத்தாறில் வெறும் ஓடு. அப்போதுதான் சக்கரத் தடத்தைப் பார்த்தேன். தம்பியின் டிராக்டர் தடம். அறுப்புக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்க, தடம் குச்சிகளை ஒட்டி வளைந்து வளைந்து போயிருந்தது.

தாமதமாக அறுத்தால் புல் முற்றிப்போய் மாடு மூக்கைச் சுளிக்கிறது என்று அவன் இரண்டு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். கூடே இல்லையென்றால் தாமதிக்க வேண்டியதில்லை அல்லவா? ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று முடிச்சுப் போட்டேன். அடுத்த கூட்டத்தில், வேலியே பயிரை மேய்கிறது என்று ஆரம்பித்து, தடத்தைச் சொல்லி, பெயரையும் சொல்லிவிட்டேன்.

அவன் என்னோடு சண்டை போடுவான் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவன் மேஜைமேல் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டி ஓரமாக வைத்தான். எழுந்தான்.

"அக்காவே சொல்லிட்டா. அப்புறம் நான் என்ன சொல்றது," என்றான்.

குனிந்து ஷட்டருக்கு அடியில் நுழைந்து போய்விட்டான். மறுநாள் டாக்டர் மூலமாகச் செய்தி வந்தது: மூன்று வாரத்தில் வருகிற புதுப்பிப்பில் அவன் கையெழுத்துப் போடப் போவதில்லை. கிழங்குக் கம்பெனிக்காரன் அவன் வீட்டு வாசலில் கார் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்ததை நானே கண்ணால் பார்த்தேன்.

அதற்கு அடுத்த நாள் அவன் மனைவி கடைக்கு வந்தாள். தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைத் துணியை, தைத்திருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி, திருப்பிக் கேட்டாள். ஒரு கை மட்டும் வைக்க வேண்டியிருந்தது. அதைச் சொன்னேன். பரவாயில்லை, அந்தக் கையை வேறு யாராவது வைப்பார்கள் என்றாள். போகும்போது திரும்பி, "ரெண்டு நாளா அவர் தட்டுல கை வைக்கல அண்ணி. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு. சொல்லிட்டேன்," என்றாள்.

எனக்கு அப்போதும் இறங்கி வரத் தோன்றவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஜாதி நான். தப்பு செய்தவன்தானே தட்டில் கை வைக்க மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆதாரத்தோடு பிடித்துக் கையெழுத்தை வாங்கிவிடலாம் என்று திட்டம் போட்டு, விடிகிற நேரத்தில் புல்வெளி ஓரத்து மோட்டார் ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். கையில் நோட்டு, பிளாஸ்கில் தேநீர். சொந்தத் தம்பியை உளவு பார்க்கக் கூடப்பிறந்தவளே கிளம்பிப் போன கதை வேறெங்கும் நடந்திருக்காது.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. டிராக்டர் வரவில்லை. மூன்றாம் நாள், ஒரு காகம் வந்து என் சிவப்புக் குச்சி ஒன்றின் தலையில் உட்கார்ந்தது.

அப்படியும் இப்படியும் பார்த்தது. கீழே குதித்தது. ஆள்காட்டிகள் இரண்டும் தலைக்கு மேல் கத்திக் கத்திச் சுற்றின. காகம் அலட்டிக்கொள்ளவே இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு ஏறி, நேராக, வேறு எங்கேயும் தேடாமல், அடுத்த குச்சிக்குப் பறந்தது. பிறகு அதற்கடுத்த குச்சி. கடைக்காரன் வரிசையாக விளக்குப் போட்டு வைத்திருக்க, வாடிக்கையாளர் கடை கடையாக ஏறி இறங்குகிற மாதிரி.

நான் ஷெட்டிலிருந்து கத்திக்கொண்டே ஓடினேன். செருப்பு சேற்றில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது. காகம் போய்விட்டது. ஓடுதான் மிச்சம்.

ஒரு தடவை பார்த்ததை வைத்து மறுபடியும் முடிச்சுப் போடக்கூடாது என்கிற அளவுக்காவது அன்றைக்கு எனக்குப் புத்தி இருந்தது. கடைக்குப் போய் ஆறு குச்சி எடுத்து வந்தேன். கூடே இல்லாத இடங்களாகப் பார்த்து நட்டேன். மறுநாள் விடியலில் காகம் வந்தது. வெறும் குச்சியில் உட்கார்ந்து, கீழே இறங்கி, புல்லை விலக்கி விலக்கித் தேடியது. ஒன்றுமில்லை என்றதும் என்னைப் பார்த்துத் திட்டுகிற மாதிரி இரண்டு தடவை கரைந்தது. ஆறு குச்சிக்கும் அதே கதைதான். குச்சி வைக்காமல் எங்கள் கண்ணுக்குத் தப்பிய கூடு ஒன்று மோட்டார் ஷெட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. அதில் நாலு முட்டையும் பத்திரமாக இருந்தன.

இருபத்தாறு கூட்டையும் காலி செய்தது என் தையல். ஓரம் மடித்து அடித்து, பார்த்துப் பார்த்துச் செய்த தையல். அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கடைக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டினேன். ஏன் புரட்டினேன் என்று தெரியாது, ஏதோ உறுத்தியது. இரண்டு மாதம் முன்னால் நடந்த கூட்டத்தின் பக்கத்தில், என் கையெழுத்தில், ஒரு வரி இருந்தது: 'புல் அறுப்பவர் காகங்களைப் பற்றிப் பேசினார். தலைப்புக்குத் தொடர்பில்லாததால் நிறுத்தப்பட்டது.' அதற்கு முந்தைய கூட்டத்திலும் அதேதான். நிறுத்தியது யார்? நான்தான். தம்பி பேச வாயெடுத்தால் நடுவில் வெட்டுவது எனக்கு அவன் பேசக் கற்ற நாளிலிருந்து பழக்கம். கத்தரிக்கோல்காரி வேறு. எனக்கு அழுகை வந்தது. தையல் இயந்திரத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

அன்று மாலையே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு கன்றுக்குட்டிக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டு, குச்சிகளைச் சத்தமில்லாமல் பிடுங்கிவிடு, தம்பியை வீட்டில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேள், கூட்டத்தில் மட்டும் வாயைத் திறக்காதே என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. புதுப்பிப்புக்கு அலுவலர் அம்மா வருவார். பறவைகளைக் காப்பாற்றத் துறை பணம் தருகிற கூட்டமைப்பே அந்தப் பறவைகளைக் காகத்துக்குக் காட்டிக் கொடுத்தது என்று தெரிந்தால் திட்டத்தையே நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். அப்புறம் தம்பி கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

ஒரு வாரம் அதை மென்றுகொண்டே இருந்தேன்; பிடுங்கினால் மறைத்ததாகிவிடும் என்று குச்சிகளைத் தொடாமல், விடியலில் நானே போய்க் காகம் விரட்டினேன். ஒரு பக்கம் முந்நூறு ஏக்கர். இன்னொரு பக்கம் என் தம்பி. தம்பியை வீட்டில் போய்ப் பார்த்திருக்கலாம். வாசல்வரை இரண்டு தடவை போனேன். ஆனால் பதினோரு குடும்பத்துக்கு முன்னால் வைத்து அவன் முகத்தில் பூசியதை, அவன் வீட்டுக் கூடத்தில் வைத்துத் துடைத்தால் அது துடைத்ததாகுமா? ஊர் இன்னும் அவனை முட்டை நசுக்குகிறவன் என்றுதானே சொல்லும்? இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டேன்.

புதுப்பிப்பு நாள் வந்தது. மேஜையைத் துடைத்து, ஒப்பந்தத் தாள்களை அடுக்கினேன். எல்லோரும் வந்தார்கள். அலுவலர் அம்மா நடுவில். தம்பியும் வந்திருந்தான். போடமாட்டேன் என்பதை நேரில் சொல்ல வேண்டும் என்று துறையில் கேட்டிருந்தார்களாம். அவன் ஷட்டரை ஒட்டி, வெளியேறத் தோதாக நின்றான். டாக்டர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

நான் எழுந்தேன். காகம், குச்சி, ஆறு வெறும் குச்சி, ஷெட்டுக்குப் பின்னால் தப்பிய கூடு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். குறிப்பேட்டைத் திறந்து என் இரண்டு வரியையும் வாசித்தேன். பிறகு, "முட்டைய அழிச்சது என் துணி. என் தம்பி ரெண்டு தடவ எச்சரிச்சான். நான் அவன் வாய அடைச்சிட்டு, அப்புறம் அவன் மேலயே பழியப் போட்டேன். யாருக்கு எந்த நடவடிக்கை எடுக்கணும்னாலும் என் மேல எடுங்க," என்றேன்.

அலுவலர் அம்மா தன் நோட்டில் ஏதோ எழுதினார். பால் பண்ணைக்காரர் ஒருத்தர், அப்படியானால் அந்த டிராக்டர் தடம் என்ன என்று மெதுவாகக் கேட்டார். எனக்கும் அதற்கு விடை தெரியாது. எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள்.

காகம் விரட்டத்தான் என்றான் தம்பி. சொன்னால் யாரும் கேட்கவில்லை என்பதால், தினமும் காலையில் பால் கறக்கிறதுக்கு முன்னால் டிராக்டரை எடுத்துக்கொண்டு போய், குச்சியைச் சுற்றிச் சுற்றி ஹாரன் அடித்துவிட்டு வருவானாம். கூட்டத்தில் அவனைச் சொன்ன நாளிலிருந்து போகவில்லையாம். இதையெல்லாம் அவன் தரையைப் பார்த்துத்தான் சொன்னான். அவன் விரட்டிய அந்தக் காலைகளில் பிழைத்ததுதான் மீதிப் பதினைந்து கூடு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் போகாத நாட்களில் அதிலும் ஆறு போயிருந்தது.

அலுவலர் அம்மா நோட்டை மூடினார். குச்சிகளை நாளைக்கே பிடுங்கிவிடுங்கள், நடந்ததை அறிக்கையில் எழுதுகிறேன், மறைத்திருந்தால் வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும் என்றார். முட்டை போன பறவைகள் இந்தப் பருவத்திலேயே மறுபடி இடும் என்றும், ஆனால் அதற்கு அறுப்பை இன்னும் மூன்று வாரம் தள்ள வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டு, தம்பியைப் பார்த்தார். மூன்று வாரம் என்றால் புல் துடைப்பக் குச்சியாகிவிடும். அதைத் தள்ளிப்போட அவனுக்கு என்ன தலையெழுத்து? அவன்தான் போகிறவனாயிற்றே.

தம்பி ஷட்டரை விட்டு மேஜைப் பக்கம் வந்தான். பிறகு என்னிடம், என் முகத்தைப் பார்த்து, "குச்சியெல்லாம் பிடுங்கிட்டா, அறுக்கும்போது நான் எதப் பாத்து ஓட்டுறது?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் கேட்டது ஓட்டுவதைப் பற்றி என்றுதான் முதலில் நினைத்தேன். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. அவர் சத்தம் போடாமல் ஒப்பந்தத் தாளை மேஜையில் தம்பி பக்கமாக நகர்த்தினார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அழுறத அப்புறமா அழு அக்கா. வழியச் சொல்லு," என்றான் அவன்.

சொன்னேன். துணி வெட்டுகிறவளுக்கு இது தெரியாமல் போனதுதான் கேவலம். தையல் விழுகிற கோட்டிலேயே யாராவது வெட்டுவார்களா? பிடிமானத்துக்கு விட்டுத் தள்ளித்தானே வெட்டுவோம். குச்சியைக் கூட்டுப் பக்கத்தில் வைக்காமல், அறுக்கிற திசையில் முன்னால் பதினைந்து எட்டு நடந்து ஒன்று, பின்னால் பதினைந்து எட்டு நடந்து ஒன்று வைப்போம். சிவப்பு வேண்டாம், மூங்கில் நிறமே போதும் என்றேன். முதல் குச்சியிலிருந்து இரண்டாம் குச்சிவரை கத்தியைத் தூக்கிக்கொண்டு போனால் சரி என்றான் அவன். கூடவே நாற்பது வெறும் குச்சியும் நடலாம் என்றான். காகத்துக்கும் கொஞ்சம் வேலை கொடுக்க வேண்டுமாம். பால் பண்ணைக்காரர், காகம் எண்ணப் படித்துவிட்டால் என்ன செய்வது என்றார். அப்போது இந்த மேஜையில் அதையும் உறுப்பினராக்கிக்கொள்வோம் என்றார் டாக்டர். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத் தம்பி கையெழுத்தைப் போட்டான். என்னைப் பார்க்காமல்தான் போட்டான்.

அதற்கப்புறம் நாங்கள் பேசியதெல்லாம் வேலைப் பேச்சு. இத்தனை குச்சி, இந்தப் பக்கம் ஈரம், அந்தப் பக்கம் போகாதே. பதினோரு வீட்டிலிருந்தும் முறை வைத்து ஆள் போய்க் காகம் விரட்டினார்கள். மறுபடி இட்டதும் பழையதுமாக முப்பத்தொரு கூடு. அதில் இருபத்து மூன்றில் குஞ்சு பொரித்தது. அலுவலர் அம்மா இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். நல்லதுதான். ஆனால் தம்பி என் கடைக்குள் தேநீர் குடிக்க வரவில்லை. வாசலில் நின்று கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவான். கையெழுத்துப் போட்டது நிலத்துக்காக, எனக்காக இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அதற்குமேல் கேட்க எனக்கு வாயும் இல்லை.

அறுப்பு நாளில் இயந்திரத்துக்கு முன்னால் நடந்து, ஓட முடியாத குஞ்சு இருந்தால் கையைக் காட்டுவது என் வேலை. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவன் பின்னால் மெதுவாக ஓட்டிவந்தான். அவனுடைய நாற்பது ஏக்கரில் இன்னும் பொரிக்காத கடைசிக் கூடு ஒன்று இருந்தது. விதிப்படி குச்சிகளுக்கு நடுவே இரண்டு பக்கமும் ஐந்து எட்டு விட்டு அறுத்தால் போதும். அவன் வட்டமாகப் பெரிதாக வளைத்துக்கொண்டு போனான். அறுத்த பிறகு பார்த்தால், ஒரு கல்யாணப் பந்தல் போடுகிற அளவுக்குப் புல் அப்படியே நிற்கிறது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏற்கெனவே முற்றிப்போன புல், அதிலும் இவ்வளவை விட்டால் மாட்டுக்கு என்ன போடுவான்? கையைக் காட்டி இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, எதற்குடா இவ்வளவு, ஐந்து எட்டுதானே கணக்கு என்று கத்தினேன். அவன் இயந்திரத்தை அணைத்தான். மேலேயிருந்து குனிந்து என்னைப் பார்த்தான்.

"எனக்குப் பயமா இருக்குக்கா," என்றான். "அஞ்சு எட்டு விட்டா, நாலர எட்டுதான் விட்டான்னு நீ கூட்டத்துல எழுந்து சொல்லிடுவ."

நிஜமாகத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். பிறகு அவன் உதட்டோரம் துடிப்பதைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான் படவா. கேலி செய்கிறான். ஒன்றரை மாதமாக என் முகத்தைப் பார்த்துப் பேசாதவன், அந்தப் பழியையே எடுத்து வைத்து என்னைக் கேலி செய்கிறான். அறுத்த புல்லில் உட்கார்ந்து நான் சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். அவன் இறங்கி வந்து, எழுந்திரு, மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று கையை நீட்டினான்.